அவிழ்த்துவிட்ட ஆடு

நாலாங்கிளாஸ் தாண்டாத நான் மீனாட்சிபுரத்தில் தொழுவம் நிறைய மாடு கட்டியவன். கொப்பரை வாங்க ஒருமுறை லட்சத்தீவு போயிருந்தேன். புயல் வரப்போகிற நாள். கடல் ஆடை படிந்த பாலாக அசையாமல் கிடந்தது. வெளிச்சமெல்லாம் மஞ்சள்.

நான் தங்கிய விடுதியின் காவல்காரருக்கு நரைத்த தாடி, இடுப்பில் எப்போதும் கயிற்றுச் சுருள். தன் குடிசைக் கூரையைத் தென்னையோடு கட்டினார், தோணியைக் கட்டினார், நான் உட்கார்ந்திருந்த நாற்காலியையும் விடவில்லை. கடைசியில் தன் ஆட்டை அவிழ்த்துவிட்டார்.

"ஏனுங்க, இருக்கற ஒரே ஆட்டைப் போயி அவுத்து உடறீங்க? நானா இருந்தா ரெட்டைக் கயிறு போட்டிருப்பேன்" என்றேன்.

"கடல் உள்ளே ஏறினா, கட்டின ஆடு நீந்துமா முதலாளி?" என்று மலையாளத்தில் கேட்டுச் சிரித்தார்.

ஆடு எங்கும் போகாமல் அவர் காலடியிலேயே படுத்துக்கொண்டது. நான் கடைசிக் கப்பலில் ஏறிவிட்டேன். அப்புறம் என்ன ஆனதோ.

இப்போதும் எங்கள் ஊரில் மலைக் கணவாய்க் காற்று வலுத்தால் என் கை மாட்டுக் கயிற்றின் முடிச்சுக்குப் போகிறது. இத்தனை சம்பாதித்தவனுக்கு அதை அவிழ்க்க மட்டும் தைரியம் வரமாட்டேன் என்கிறது.