தூக்க டிரைவர் ஏலகிரிக்கு வண்டி ஓட்டிய கதை

என் வீட்டுக்காரர் பெயர் சௌந்தரராஜன். போச்சம்பள்ளியில் வந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. தூக்க டிரைவர் வீடு எது என்று கேளுங்கள், சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விடும். ஐயய்யோ, தூங்குகிற டிரைவரா என்று பயந்துவிடாதீர்கள். அவர் ஓட்டினால் வண்டியில் இருக்கிறவர்கள் தூங்குவார்கள். அதற்காக வைத்த பெயர்.

அருப்புக்கோட்டைப் பக்கம் அவருக்கு ஊர். லாரியோடு இந்தப் பக்கம் வந்தவர், என்னைக் கட்டிக்கொண்ட பிறகு லாரியை விட்டுவிட்டு, இங்கே ஒரு கம்பெனியில் வேலைக்கு ஆள் ஏற்றும் பஸ்ஸில் டிரைவராகச் சேர்ந்தார். சிங்காரப்பேட்டை லைன். விடிவதற்கு முன்னால் முதல் ஷிப்ட்டுக்கு ஆள் ஏற்றி வருவார், நைட் ஷிப்ட் முடித்தவர்களைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போய் அவரவர் ஊரில் விடுவார். பாட்டுப் போட மாட்டார். ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கியதே தெரியாது. எவன் எங்கே இறங்கவேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். அந்த இடம் வந்ததும் ஹாரனை லேசாக இரண்டு தட்டுத் தட்டுவார். இறங்கவேண்டியவன் கண்ணைத் திறந்து சாப்பாட்டுப் பையைத் தேடுவான், மற்றவர்கள் அந்தப் பக்கம் திரும்பித் தூங்குவார்கள். எப்படித்தான் தெரியுமோ!

அப்படிப்பட்ட மனுஷனுக்கு ஒரு விபத்து. மத்தூர் தாண்டி ஒரு விடியற்காலை, நல்ல பனி. கரும்பு ஏற்றின டிராக்டர் ஒன்றை எந்தப் புண்ணியவானோ விளக்கும் இல்லாமல் நடுரோட்டில் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறான். இவர் பிரேக்கை மிதித்து இடது பக்கம் ஒடிக்க, பஸ் பள்ளத்தில் இறங்கிச் சாய்ந்துவிட்டது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. நாலைந்து பேருக்கு அடி. முனிவேல் என்று சிங்காரப்பேட்டைப் பையன், கல்யாணமாகி ஒரு குழந்தைக்கு அப்பன், அவனுக்கு நெற்றியில் தையல். டிரைவர் மேல் தப்பில்லை என்று விசாரித்தவர்கள் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். இவர்தான் சொல்லவில்லை.

"அம்புட்டுப் பேரும் தூங்கிக்கிட்டு இருந்தாய்ங்கடி பூங்கொடி. கண்ண மூடிக்கிட்டு என்னைய நம்பி உக்காந்திருந்தாய்ங்க. முழிக்கும்போது ரத்தம்." இதையேதான் திருப்பித் திருப்பிச் சொன்னார்.

அதற்குப் பிறகு ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. கம்பெனியில் பாவம் பார்த்து, வண்டிகள் உள்ளே வெளியே போவதைப் பார்த்துக்கொள்ளும் கேட் வேலையில் உட்காரவைத்தார்கள். இரண்டு மாதமாக ராத்திரியெல்லாம் படுக்கையில் புரண்டுகொண்டே இருந்தார். அவர் புரண்டால் எனக்கு எங்கே தூக்கம்? விட்டத்தைப் பார்த்துக்கொண்டு நானும் கிடப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், மறைத்து என்ன பயன்? திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். கல்லுப் பிள்ளையார்தான். கடைசியில் டிரான்ஸ்போர்ட் மேனேஜர் கூப்பிட்டு, திங்கட்கிழமை வந்து பஸ்ஸை எடு, இல்லாவிட்டால் நிரந்தரமாகக் கேட்டிலேயே இரு, வேறு ஆளைப் போட்டுவிடுகிறோம் என்று சொல்லிவிட்டார். இவரும், கேட்டிலேயே இருக்கிறேன் சார் என்று தலையாட்டிவிட்டு வந்து நிற்கிறார். கேட் வேலை ஒன்றும் கேவலமில்லை. ஆனால் அந்த நாற்காலியில் இவர் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்தேன். போகிற ஒவ்வொரு பஸ்ஸின் பின்னாலும் தலை தானாகத் திரும்புகிறது. இப்படியே விட்டால் ஆள் கரைந்துபோவார் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

ஓசூரில் கட்டிக்கொடுத்த என் மகள் மோகனப்ரியாதான், "அப்பாவ எங்கயாச்சும் கூட்டிக்கினு போலாம்மா" என்று ஏலகிரியில் சத்தமில்லாத ரிசார்ட் ஒன்றில் ரூம் போட்டாள். பக்கத்துத் தெரு நாராயணப்பன் தன் வேனைக் கொடுத்தார். கம்பெனிக்கு ஆள் ஏற்றுகிற வெள்ளை வேன், முன்கண்ணாடியில் 'ஸ்டாஃப்' என்று ஸ்டிக்கர்கூட அப்படியே இருந்தது. மாப்பிள்ளை ஆனந்த் ஓட்டுவதாக ஏற்பாடு.

சனிக்கிழமை காலை வந்தார் பாருங்கள் மாப்பிள்ளை! ஓசூரில் நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்திருக்கிறார். கண் இரண்டும் மிளகாய்ப்பழம். காபி டம்ளரைப் பிடித்தபடியே தலை முன்னால் தொங்குகிறது. "ஒண்ணும் இல்லத்தே, மூஞ்சி கழுவுனா சரியாயிடும்" என்கிறார்.

இவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வேனைப் பார்த்தார். "ட்ரிப்பை நாளைக்கி வச்சுக்கிருவமா?" என்றார்.

"ரூம் இன்னிக்குத்தான்பா" என்றாள் மகள்.

கொஞ்ச நேரம் முற்றத்தில் நடந்தார். பிறகு மாப்பிள்ளையிடம் கையை நீட்டினார். "சாவியக் குடுங்க மாப்ளே. தூக்கக் கண்ணோட ஓட்டக் கூடாது."

எனக்குச் சந்தோஷமா பயமா என்று கேட்டால் இரண்டும்தான். வாயைத் திறந்து எதையாவது சொல்லி அவர் மனசை மாற்றிவிடக் கூடாது என்று, மலைக்குப் போய்ச் சேரும்வரை பேசுவதில்லை என்று குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டு முன்சீட்டில் ஏறினேன். நான் வாயை மூடிக்கொண்டு இருப்பது எவ்வளவு பெரிய வேண்டுதல் என்று என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

வண்டி கிளம்பியது. ஸ்டீயரிங்கைப் பிடித்த பிடியில் அவர் விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது. பார்வை ரோட்டிலேயே குத்திட்டு நின்றது. நடுச்சீட்டில் மகள், பக்கத்தில் மாப்பிள்ளை அப்போதே குறட்டை. கம்பெனி கேட் பக்கம் வந்தோம். நைட் ஷிப்ட்டோடு ஓவர்டைமும் முடித்த ஆட்கள் அவரவர் லைன் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார்கள். இவர் என்ன நினைத்தாரோ, வேனை ஓரங்கட்டி நிறுத்தினார். நடுக்கதவு பக்கவாட்டில் நகர்ந்து திறந்தது. யூனிஃபார்ம் போட்ட ஒருவன் குனிந்து ஏறி, மகளையும் மாப்பிள்ளையையும் தாண்டிப் பின்சீட்டுக்குப் போய், தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தான். கதவு மூடியது. "ரைட்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். வண்டி நகர்ந்தது.

யாரையோ வழியில் இறக்கிவிடப் போகிறார் போல என்று நான் நினைத்தேன். கேட்கலாம் என்றால் வேண்டுதல். அப்பாவுக்குத் தெரிந்த ஆள் என்று மகள் நினைத்திருக்கிறாள். இவரோ, கேட் வந்தால் நிறுத்துவது, ரைட் சொன்னால் எடுப்பது என்று எத்தனையோ வருஷமாகச் செய்த வேலையைக் கையும் காலும் தானாகச் செய்துவிட, நிறுத்தியதும் தெரியாது, ஒருவன் ஏறியதும் தெரியாது. பயத்தில் ரோட்டைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

மத்தூரில் சிங்காரப்பேட்டைப் பக்கம் போகாமல் திருப்பத்தூர் ரோட்டில் திரும்பினோம். கந்திலி போயிற்று, திருப்பத்தூர் போயிற்று. அவர் தோள் மெல்ல மெல்ல இறங்கியது. பொன்னேரி தாண்டி மலை ஏற ஆரம்பித்தோம். முதல் கொண்டை ஊசி வளைவு. மேலிருந்து வண்டி வந்தால் தெரியவேண்டும் அல்லவா, ஹாரனை லேசாக இரண்டு தட்டுத் தட்டினார்.

பின்சீட்டில் ஒரு சத்தம். அந்த ஆள் துண்டை உதறி எழுந்து, சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கூரையில் நங்கென்று தலையை இடித்துக்கொண்டு, "வர்றண்ணா" என்று கதவைத் திறக்கப் போனான்.

"ஐயோ, யாருப்பா நீ?" என்று கத்தினாள் மகள். என் வேண்டுதல் அத்தோடு போயிற்று. "நிறுத்துங்க! நிறுத்துங்க! கதவத் தொறக்கறான்!" என்று நானும் கத்தினேன்.

வளைவு தாண்டி அகலமான இடத்தில் நிறுத்தினார். அந்த ஆள் ஜன்னல் வழியாகப் பார்த்தான். கீழே பள்ளம், மேலே பாறை, பாறை மேல் ஒரு குரங்கு.

"என்னாண்ணா இது? சிங்காரப்பேட்டைய எங்க காணோம்?"

முனிவேல்! நெற்றியில் தையல் தழும்போடு அதே முனிவேல். நான் சிரித்த சிரிப்பில் வயிறு பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளை திடுக்கிட்டு எழுந்து, "ஷிப்ட் முடிஞ்சிதா?" என்று கேட்க, மறுபடியும் ஒரு சிரிப்பு. இவர் ஒருவர்தான் சிரிக்கவில்லை. சீட்டில் திரும்பி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முனிவேலு, நீ எப்பய்யா ஏறுன?"

"கேட்லதாண்ணா. நீங்க வந்து நிறுத்துனீங்க. பஸ் ரிப்பேரு, வேன் அனுப்பிக்கிறாங்கன்னு நெனச்சன். உங்க மூஞ்சியப் பாத்தன், ஏறிட்டன்."

"எம் மூஞ்சியப் பாத்தா ஏறுன? அந்தத் தையலுக்கு அப்பறமும்?"

முனிவேல் நெற்றியைத் தடவிக்கொண்டான். "இது டிராக்டர்காரன் போட்டதுண்ணா. நீங்க ஒடிக்காம இருந்தா எம் பொண்ணு இன்னிக்கு அப்பன் இல்லாம நிக்கும். புது டிரைவர் நல்லவர்தான், ஆனா ரெண்டு மாசமா கம்பியப் புடிச்சிக்கினு முழிச்சிக்கினே வர்றன். வீட்டுக்குப் போயும் தூக்கம் வர்றதில்ல. இன்னிக்குத்தாண்ணா, ஏறுனதுதான் தெரியும்."

இவர் கதவைத் திறந்து இறங்கி வேனுக்குப் பின்னால் போனார். நானும் பின்னாலேயே போனேன். மலை ஓரச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. நான் முந்தானையைக் கொடுத்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தூங்கியிருக்கான்டி" என்றார். "தூங்கிருக்கான்" என்றேன் நானும்.

அதற்குள் முனிவேல் தன் பெண்டாட்டிக்குப் போன் போட்டு மாட்டிக்கொண்டிருந்தான். நைட் ஷிப்ட் முடித்துவிட்டு ஏலகிரி மலையில் நிற்கிறேன் என்றால் எவள் நம்புவாள்? போனை என்னிடம் நீட்டினான். நான் வாங்கி நடந்ததைச் சொல்லி, சத்தியம் பண்ணி, சாப்பாடு போட்டு பஸ் ஏற்றி விடுகிறேன் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் அந்தப் பெண் அடங்கினாள். "பஸ்ல போனா முழிச்சிக்கினே போவணுமேக்கா" என்று முனிவேல் அதற்கும் அலுத்துக்கொண்டான்.

மறுபடியும் கிளம்பினோம். அவர் விரல்களைப் பார்த்தேன். ஸ்டீயரிங்கைப் பிடித்த மாதிரியே தெரியவில்லை, சும்மா மேலே வைத்திருந்தார். இரண்டாவது வளைவு திரும்பியது ஞாபகம் இருக்கிறது. ஜன்னலில் நல்ல குளிர்காற்று வந்தது ஞாபகம் இருக்கிறது.

வளைவெல்லாம் எப்படி இருந்தது, மேலேயிருந்து பார்த்தால் ஊர் எப்படித் தெரிந்தது என்று தெருவில் எல்லோரும் கேட்டார்கள். எனக்கு எப்படித் தெரியும்?

காதருகில் ஹாரன் சத்தம் கேட்டது. லேசாக இரண்டு தட்டு. கண்ணைத் திறந்தால் வேன் ரிசார்ட் வாசலில் நிற்கிறது. மகளும் மாப்பிள்ளையும் பையை இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். பின்சீட்டில் முனிவேல் மறுபடியும் துண்டுக்குள்.

"எந்திரி பூங்கொடி, உன் ஸ்டாப் வந்துருச்சு" என்றார். இரண்டு மாதம் கழித்து அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு இறங்கினேன்.

"திங்கக்கெழம வெள்ளன எந்திரிச்சு டிபன் கட்டணும், பாத்துக்க" என்று சொல்லிவிட்டு, முனிவேலை எழுப்பாமல் கதவை மெதுவாகச் சாத்தினார்.