இரண்டு தட்டினால் மேலே

நான் சொல்லப்போவதை என் மகளே நம்பவில்லை. நீங்களும் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை, கண்ணுகளா. ஆனால் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தது நான். அந்தச் சத்தம் என் உள்ளங்கால் வழியாக ஏறியது. அதை எப்படி இல்லை என்பேன்?

எங்கள் பிட்டோம் நகரத்துக்கு அடியில் பாதி மண் கிடையாது. பாட்டன் காலத்திலிருந்து நிலக்கரியைத் தோண்டி எடுத்தாயிற்று. தெருக்கள் நடுவில் தொய்ந்து கிடக்கும். என் சமையலறைத் தரையில் ஒரு ஆப்பிளை வைத்தால், அதுவாகவே ஜன்னல் பக்கம் உருண்டு போகும். சுவரில் விரிசல் விட்டால், அதன் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டுவோம். கண்ணாடி உடைந்தால் வீடு மறுபடியும் நகர்ந்திருக்கிறது என்று பொருள். அதனால் தரைக்கு அடியில் சத்தம் கேட்டால் நாங்கள் சாப்பிடுகிற கரண்டியைக்கூடக் கீழே வைக்க மாட்டோம்.

என் கணவர் அலோய்ஸ் கீழேதான் இருந்தார். சுரங்கத்தில் தீப்பிடித்த அன்று, அது பரவாமலிருக்க ஒரு பாதையைச் செங்கல் சுவர் எழுப்பி மூடினார்கள். உள்ளே அலோய்ஸும் இன்னொருவரும். சுவர் வைக்கச் சொன்னவர் மேற்பார்வையாளர் எவால்ட். அலோய்ஸோடு ஒரே பெஞ்சில் படித்தவர். என் மகளுக்கு ஞானத்தந்தை.

"மூடுறப்ப உள்ள உசுரே இல்ல ட்ரூடா. ஒரு சின்ன சத்தம்கூட இல்ல."

சிலுவை அடையாளம் போட்டுச் சொன்னார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் ஒன்பது வருடம் தூங்கினேன்.

டிசம்பர் நான்கு, சுரங்கத்துக்காரர்களின் புனித பார்பரா திருநாள். ஒவ்வொரு வருடமும் அன்றைக்கு எவால்ட் என் வீட்டுக்கு வருவார். கறுப்புச் சீருடை, பித்தளைப் பொத்தான்கள், தொப்பியில் வெள்ளை இறகு. நான் சுட்ட கசகசா வைத்த கொலாச் கேக்கைத் தின்றுவிட்டுக் குறை சொல்வார். அந்த வருடமும் வந்தார். மாலை நான்கு மணி. எங்கள் குளிர்காலத்தில் அப்போதே இருட்டிவிடும்.

"என்ன ட்ரூடா, சர்க்கரை கம்மியா இருக்கு? ரேஷன்ல தரலையா?"

"உங்க வயித்துக்கு இதுவே ஜாஸ்தி அண்ணே. பொத்தான் தெறிச்சு என் காப்பியில விழப்போகுது."

சிரித்தார்.

டக் டக்.

"வீடு நகருது," என்றேன். காப்பியை ஊற்றினேன்.

டக் டக்... டக் டக்...

என் கை நின்றது. வீடு நகர்ந்தால் முனகும். இப்படி அளந்து தட்டாது. சுவரைப் பார்த்தேன். விரிசல் மேலிருந்த கண்ணாடி முழுசாக இருந்தது.

ஆட்களை ஏற்றி இறக்கும் சுரங்கக் கூண்டுக்கு மணி அடிக்க ஒரு கணக்கு உண்டு. எங்கள் ஊரில் குழந்தைக்கும் அது தெரியும். ஒன்று அடித்தால் நில். இரண்டு, மேலே. மூன்று, கீழே.

டக் டக்.

மேலே.

டக் டக்.

மேலே...

எவால்டைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. அந்தச் சத்தம் அவருக்குப் புதிதல்ல.

"அண்ணே... அன்னைக்கும் இப்படித்தான் தட்டினாரா?"

கையிலிருந்த துண்டைத் தட்டில் வைத்தார்.

"சொல்லுங்க."

"கடைசிச் செங்கல் வைக்கிற வரைக்கும்," என்றார். "நெருப்பு வந்துட்டு இருந்துச்சு ட்ரூடா. இந்தப் பக்கம் நாப்பது பேரு..."

"அதைச் சொல்லியிருந்தா தாங்கியிருப்பேன். ஒன்பது வருஷம் என் மேசையில உக்காந்து தின்னீங்களே. எம்பொண்ணு தலையில கைவச்சு ஆசீர்வாதம் பண்ணீங்களே."

தட்டல் நின்றது.

அடுப்பில் கரி வெடிக்கும் சத்தம்கூட இல்லை.

பிறகு... அவருடைய நாற்காலிக்கு நேர் கீழே...

டக்.

டக்.

டக்.

எவால்ட் எழுந்தார். தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டார்.

"வரேன்," என்றார்.

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னார்.

கதவு சாத்திக்கொண்டது. ஜன்னலுக்கு ஓடினேன். முற்றத்தில் புதுப் பனி. என் வாசலிலிருந்து பூட்ஸ் தடம் நடு முற்றம் வரை போயிருந்தது.

அங்கேயே முடிந்திருந்தது.

ஆள் இல்லை.

குட்டு உடைந்த வெட்கத்தில் ஜெர்மனிக்கு ஓடிவிட்டார் என்று ஊர் பேசியது. எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது.

அன்றே தட்டல் திரும்பியது. இரண்டு... இரண்டு... முன்பைவிட அவசரமாக. அலோய்ஸ்தான் என்று நினைத்தேன். தரையில் படுத்து, கன்னத்தைப் பலகையில் வைத்து, "கேக்குது ராசா... தூங்கு," என்றேன். நாளாக ஆகத் தட்டல் தளர்ந்தது. ஒரு வாரத்துக்குள் நின்றேவிட்டது. அவருக்கு நிம்மதி கிடைத்துவிட்டது என்று கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

வசந்தத்தில் அந்தப் பாதையை மறுபடி திறந்தார்கள். சுவரில் ஒரு செங்கல்கூட அசைந்திருக்கவில்லை. அடையாளம் காட்ட என்னைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே இருந்திருக்க வேண்டியது இரண்டு பேர்.

வெளியே கொண்டுவந்தது மூன்று பேரை.

இரண்டு பேர் வெறும் எலும்பு. மூன்றாமவர் சுவரை ஒட்டி உட்கார்ந்தபடியே கிடைத்தாராம். கறுப்புச் சீருடை. தொப்பியில் வெள்ளை இறகு. வலது கை முட்டிகளில் தோலே இல்லை.

மருத்துவர் என்னைத் தனியாக அழைத்துப்போய், குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"இவரு உடனே சாகலைம்மா. நாள்கணக்கா உசுரோட இருந்து தட்டியிருக்காரு."