டப்பாவில் வந்த நைனா

சுண்ணாம்புக்குளத்தில் எங்கள் சனம் இறாலும் நண்டும் பிடிக்கிறது. நான் ஒருத்தன் மட்டும் தடை தாண்டும் போட்டிக்கு வார்ம்பிளட் என்ற சீமை இனக் குதிரை வளர்க்கிறேன். என் பெண்குதிரைக்கு நான் பார்த்த மாப்பிள்ளை ஜெர்மனியில் இருந்தது. அதன் விந்தை உறையவைத்து, திரவ நைட்ரஜன் நிரப்பிய கேனில் ஐதராபாத் வரை அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து எடுத்துவர, அக்கா புருஷனின் இறால் வண்டிதான் கிடைத்தது.

வழி நெடுக மச்சான் கேனைச் சுற்றி ஐஸ் கொட்டிக்கொண்டே வந்தார். இந்தச் சரக்குக்கு ஐஸே வெந்நீர் மாதிரிதான் என்று கத்திப் பார்த்தேன். "ஐஸ் இல்லன்னா நாறிடும்பா" என்று இன்னொரு கூடை கொட்டினார்.

ஆந்திர எல்லைச் சாவடியில் வண்டியை நிறுத்திய காவலர், மூக்கைப் பொத்திக்கொண்டு கேனைத் தட்டினார்.

"இன்னா இது, எறாவா?"

"குதிரைக்குட்டிக்கு சார். இனிமேதான் பொறக்கணும்" என்றேன்.

"அப்ப உள்ள இருக்கறது?"

"அதோட நைனா" என்றார் மச்சான்.

நான் தடுப்பதற்குள் காவலர் மூடியைத் தூக்கிவிட்டார். குபுகுபுவென்று வெள்ளைப் புகை எழுந்தது. அவர் பின்பக்கமாகத் தாண்டிய தாண்டலுக்கு ஒரு கோப்பையே கொடுக்கலாம்.

"மூடு! எடுத்துக்கினு போய்யா!"

குட்டி நல்லபடியாகப் பிறந்தது, வளர்ந்தது. முதல் போட்டிக்கு அதே சாவடி வழியாகத்தான் கூட்டிப் போனேன். அதே காவலர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"அந்த டப்பாவா இது? இன்னா, நைனா ஜாடையா?"

"எனக்கு எப்டி சார் தெரியும்? மூடியத் தொறந்து அவரப் பாத்தது நீங்கதானே!"