அப்புச்சி காரின் பின் அச்சு

கியர் ஆயிலுக்குக் கெட்டுப்போன முட்டையின் வாடை. அந்தக் கோடையில் எங்கள் வீட்டுச் சோற்றிலும் தலையணையிலும், சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகும் அப்பாவின் கையிலும் அந்த வாடைதான் இருந்தது. திருப்பூரில் நிட்டிங் மெஷின் பிட்டராக இருந்த அப்பா, வேலை முடிந்து வந்ததும் வீட்டுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகைக்குப் போய், கட்டைகளின் மேல் தூக்கி நிறுத்தியிருந்த பழைய காருக்கு அடியில், கழற்றிப்போட்ட பின் அச்சோடு உட்கார்ந்துவிடுவார்.

கார் அம்மாவைப் பெற்ற அப்புச்சியுடையது. பின்சக்கரங்களைச் சுற்றவைக்கும் பல்சக்கரங்கள் உடைந்து அது நின்றுபோனபோது, தன் ஊரான கொமரலிங்கத்திலிருந்து லாரியில் ஏற்றி எங்களுக்கு அனுப்பியவர், கூடவே ஒரு பேச்சையும் சொல்லி அனுப்பியிருந்தார். "மாப்ள பனியன் மெஷினத்தான் சுத்த வெப்பாருங்க. இது அவருக்கு நவுந்துச்சுன்னா அவரே வெச்சுக்கட்டும்." அப்பா அன்று சாப்பிடவில்லை.

காரைச் செய்த கம்பெனி எப்போதோ மூடிப்போயிருந்தது. கோயமுத்தூர் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து, ஒரு காரின் பெரிய பல்சக்கரத்தையும் இன்னொன்றின் சிறியதையும் வாங்கிவந்து பூட்டினார். தெருமுனை போவதற்குள் வண்டி நாய்போல ஊளையிட்டது. ஒன்றாகவே ஓடித் தேய்ந்த ஜோடியாக இல்லாவிட்டால் அந்தப் பற்கள் ஒத்துப்போகாதாம். மறுபடியும் எல்லாவற்றையும் கழற்றினார்.

அப்போதுதான், அப்புச்சிக்கு முடியவில்லை, அம்மாவைக் கேட்கிறார் என்று மாமா போன் செய்தார்.

"நான் பஸ்லயே போயிட்டு வந்தர்றனுங்க," என்றாள் அம்மா.

"பொறு. ஜோடிப் பல்லுக்குக் கடைல சொல்லியிருக்குது. அவரு காருலயே போயி அவரு வாசல்ல நிக்கோணும்."

"ஏனுங்க, அவரு காரையா கேக்கறாரு? என்னையத்தானுங்க கேக்கறாரு."

"பஸ்ல போயி எறங்குனா, மாப்ளையால முடியலைன்னு ஊரே சிரிக்கும்."

அம்மா ஊருக்கென்று பையில் துணி அடுக்கி வைத்திருந்தாள். பொருத்தமான பல்சக்கரங்கள் வந்து, அப்பா அவற்றைப் பொருத்திப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், அந்தப் பையிலிருந்தே ஒவ்வொரு சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டாள். பை காலியாகிவிட்டது.

ஒருவழியாகக் கார் ஓடியது. அதற்குள் அப்புச்சியை உடுமலை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நாங்கள் காரில் போய் இறங்கியபோது ஆஸ்பத்திரி வாசலில் மாமா நின்றிருந்தார். "நேத்து வரைக்கும் அம்மிணி வந்துட்டாளா, அம்மிணி வந்துட்டாளான்னு கேட்டுட்டே இருந்தாருக்கா. இப்பப் பேச்சில்லை. ஊட்டுக்கே கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்க."

பின்சீட்டில் அம்மாவின் மடியில் அப்புச்சியின் தலையைக் கிடத்தினார்கள். மாமா பைக்கில் முன்னால் போனார். முன்சீட்டில் முழங்காலிட்டுத் திரும்பி, நான் அவர்களையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அப்பா சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் அப்புச்சியிடம் கேட்டார்: "மாமா, சத்தம் ஏதாச்சும் கேக்குதுங்களா?"

கொஞ்ச தூரம் போய், இன்னும் மெதுவாக ஓட்டிக்கொண்டு, மறுபடியும் அதையே கேட்டார். அதற்குள் அப்புச்சியின் மூச்சு நின்றுபோயிருந்தது. அம்மா அவருடைய வாயை மூடி, தாடையைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு சத்தமும் இல்லீங்க. நல்லா ஓடுது," என்றாள்.

அப்புச்சி வீட்டு வாசலில் இறங்கிக் கதவைத் திறக்கும்வரை அப்பாவுக்குத் தெரியாது.

கார் அந்த வாசலிலேயே துருவேறிக் கிடந்து கடைசியில் எடைக்குப் போனது. எங்கள் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது ஒரு பிரிண்டிங் யூனிட் ஓடுகிறது. அம்மா அன்று சொன்னது இரக்கத்தினாலா, தண்டிப்பதற்காகவா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. கேட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் போகிறேன். வேறு எதையெதையோ பேசிவிட்டு வந்துவிடுகிறேன்.

எங்கள் காரில் என் மகள் பின்சீட்டில் தூங்கிப்போனால் எனக்கு இருப்புக்கொள்வதில்லை. "தூங்கட்டும் விடு, ஏன் எழுப்பறே?" என்கிறார் கணவர். அவர் சொல்வது சரிதான், தூங்குகிற குழந்தையை எந்தத் தாயாவது எழுப்புவாளா என்று எனக்கே தோன்றுகிறது. ஆனாலும் அவள் சிணுங்கிக்கொண்டு "என்னம்மா" என்று கேட்கும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன்.