வாட்ச்மேனின் ஞாபகம்

எங்கள் மேனாம்பேடு குடியிருப்பில் ஒல்லியான வாட்ச்மேன் ஒருவர் இருந்தார். நாற்பது வீட்டு வண்டி நம்பரும் அவருக்கு மனப்பாடம். சாயந்திரம் அவர் செல்போனில் நானும் அவரும் சீரியல் பார்ப்போம். விபத்தில் புருஷனையும் பிள்ளையையும் பறிகொடுத்த கதாநாயகிக்குப் பழசெல்லாம் மறந்துபோயிருந்தது.

“நடிக்கிறா. எனக்குப் படிப்பு இல்ல, கண்ணு கீதே!” என்றேன்.

“நெசமாவே மறந்துட்டாம்மா, உடுங்க. ஞாபகம் வந்தா அவதானே அழணும், நீங்களா அழப்போறீங்க?”

“சரி, உனக்கு எந்த ஊருப்பா? குடும்பம் எங்க கீது?”

தொப்பியைக் கழற்றித் தூசி தட்டினார். “ஞாபகம் இல்லம்மா” என்று சிரித்தபடியே, வந்த காருக்குக் கேட்டைத் திறக்கப் போனார்.

அவருக்கு நிஜமாகவே மறந்ததா, இன்றுவரை எனக்குத் தெரியாது. மறுநாள் மாடிவீட்டுப் பெண்கள், அந்தக் கதாநாயகி நடிக்கிறாள் என்றார்கள். சொன்ன சொல்லை மாற்றாத நான் மாற்றினேன்.

“நெசமாவே மறந்துட்டாடி. யாரும் அவளை நோண்டாதீங்க.”