பணிப்பெண் ஏன் பிழைத்தாள்?

கார்சினிக்கு மாயமந்திரத்தில் சந்தேகமே வந்ததில்லை. அரக்கன் வெற்றிலைப் பெட்டிக்குள் சுருங்கட்டும், குத்துவாள் தானாகப் பறக்கட்டும், தலையாட்டிவிடுவார். ஆனால் பெற்ற அப்பன் விசாரிக்காமல் மகனைக் காட்டுக்கு விரட்டினால் மட்டும் விடமாட்டார். ஏன் விரட்டினான் என்று கேட்பார்.

பாத்தி என்ற ஊர்ப் பக்கத்து ராஜா ராணி நாடகக் குழுக்களில் எழுதிவைத்த வசனம் கிடையாது. ஆட்டத்தன்று சாயங்காலம் எல்லாரும் முகத்துக்கு மாவு பூசிக்கொண்டிருக்க, குழுத் தலைவர் ராடிமின் கதையைச் சொல்வார். மேடையில் பேச்சு அவரவர் பாடு. காரணம் தெரியாமல் என்னத்தைப் பேசுவது? நியாயமான கேள்விதானே. இருபத்தாறு வருடமாகப் பணிப்பெண் வேடம் கார்சினிக்கு. கடைசிக் காட்சியில் நாடு திரும்பும் இளவரசனுக்கு மாலை போடுவது அவர்தான். அந்த ஒரு நிமிடத்துக்காகவே மற்றக் காட்சிகளில் தட்டு தூக்குவார்.

அறுவடை விழாவுக்குப் போன ஊரில் அன்று புதுக் கதை. சின்ன ராணியின் சூழ்ச்சியால் இளவரசன் அவள் அறையில் அகப்படுகிறான். ராஜா சீறுகிறார். இளவரசன் வாயே திறக்காமல் காட்டுக்குப் போகிறான்.

"நடந்தத சொன்னா என்னவாம்?" என்றார் கார்சினி.

"சொன்னா கதை முடிஞ்சிடும், யூ," என்றான் ஜுமாடி. இளவரசன் வேடம் அவனுக்கு. கார்சினியை யூ என்று அக்கா முறை வைத்துத்தான் கூப்பிடுவான்.

"அது ஒனக்குக் காரணம். இளவரசனுக்கு என்ன காரணம்?"

ராடிமினுக்குப் பொறுமை போய்விட்டது. "தினம் இதே ரோதனை. இன்னிக்கு நான் சொன்ன கதைய மாத்தினே, நாளையிலேர்ந்து மேடைப் பக்கமே வராதே."

கார்சினி மாவு பூசிக்கொள்ளத் திரும்பிவிட்டார். மேடையை விட்டால் அவருக்கு வேறு போக்கிடம் இல்லை.

மேடையில் ராஜா சீறினார். ஜுமாடி தலைகுனிந்து நின்றான். முன்வரிசையில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த ஒருத்தி, "ஏம்ப்பா, வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லித் தொலையேன்," என்றாள். கூட்டம் பிடித்துக்கொண்டது. சொல்லு, சொல்லு என்று ஒரே கைதட்டல். ஜுமாடிக்கு வியர்த்துக் கொட்டியது. திரைக்குப் பின்னால் ராடிமின் தலையில் கைவைத்தார்.

போனால் நாளை மேடை இல்லை என்று கார்சினிக்குத் தெரியும். தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

"மகாராஜா, புள்ள சொல்ல மாட்டான். அப்பா கூப்புடறார்னு அந்த அறைக்கு அனுப்புனவ நாந்தான். சின்ன ராணி சொன்னத நம்பிட்டேன். உண்மை வெளிய வந்தா என் தலை போயிடும்னு நிக்கிறான். நான் பால் குடுத்த புள்ள."

கூட்டம் அடங்கிவிட்டது. ஜுமாடி நிஜமாகவே அழுதான். சின்ன ராணி வேடம் போட்டவளும் கெட்டிக்காரி. "இவள பொய் சொல்ல ஏவினதே ஒங்க மகன்தான்," என்று ராஜாவின் குத்துவாளை உருவிக் கார்சினியைக் குத்தினாள். ராஜா நம்பினார். இளவரசன் காட்டுக்குப் போனான்.

ராடிமின் மன்னிப்பு கேட்கவில்லை. மறுநாள் சாயங்காலம் கதையைப் பாதியில் நிறுத்தி, "கார்சினி, எதாவது கேக்கணும்னா கேளு," என்றார். அதற்குமேல் என்ன மரியாதை வேண்டும்?

அந்தக் கதையைத்தான் இப்போது ஊர் ஊராகக் கேட்கிறார்கள். அதில் கார்சினி இரண்டாம் காட்சியிலேயே செத்துப்போகிறார். மாலையை வேறொருத்தி போடுகிறாள்.

ஜுமாடிக்கு மனசு ஆறவில்லை. "காயத்தோட பொழச்சதா வெச்சுக்கலாம், யூ. மாலைய நீங்களே போடுங்க."

கார்சினி மாலையை ஒருகணம் கையில் வைத்திருந்தார்.

"ஏன் பொழச்சா?" என்று கேட்டார்.

மாலையை அடுத்தவளிடம் கொடுத்தார்.