பதினேழாம் நம்பர் மனையில் விதைத்த நெல்

எங்க நைனாவுக்கு மனை நம்பர் எல்லாம் காதிலேயே ஏறாது. யாராவது "பதினேழு" என்றால், "ஓ, மேட்டு மூலைக் கழனியா" என்பார். செம்பாக்கம் ஏரித் தண்ணீர் பாய்ந்த எங்கள் கழனியெல்லாம் எண்பதுகளிலேயே மனையாகி, மூலைக்கு மூலை கல் நட்டாகிவிட்டது. வாங்கியவர்களுக்கு வீடு கட்ட அவசரமில்லை. "கல்லுதான வந்துகீது, வூடு வரலியே" என்று நைனா கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் நெல் போட்டார். வித்த நிலத்தில் விதைக்கிற ஆளை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நான் அந்த ஆளுக்கே பெண்ணாகப் பிறந்தேன்.

மனைக்காரர்களும் ஒன்றும் சொல்லவில்லை. முள் மண்டாமல் இருந்தால் சரி என்று விட்டுவிட்டார்கள். வருஷத்துக்கு ரெண்டு வீடு, மூணு வீடு எழும்பும், நைனாவின் பயிர் அந்த அளவுக்குச் சுருங்கும். டிராக்டர் வாடகைக்கு வந்த காலத்தில் உழவு மாட்டைக் கொடுத்துவிட்டோம். காம்பவுண்டு சுவர்கள் வந்த பிறகு டிராக்டர் உள்ளே நுழைய வழியில்லை. கடைசியில் மண்வெட்டியால் கொத்த ஆரம்பித்தார். ஊரெல்லாம் முன்னால் போனால் இந்த மனுஷன் மட்டும் பின்னால் போகிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்போது நான் தாம்பரத்தில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தேன். கூடப் படித்தவள் ஒருத்தியின் வீட்டார் அந்த மனைகளில் ஒன்றில்தான் வீடு கட்டிக் குடிவந்திருந்தார்கள்.

அந்த வருஷம் ஐப்பசியில் மிச்சமிருந்த காலி மனை பதினேழு ஒன்றுதான். நைனா விதைநெல்லை ஊறவைத்து, ஈரச் சாக்கில் கட்டி, மேலே வைக்கோல் போட்டு மூடினார். மூணாம் நாள் வெள்ளை வெள்ளையாய் முளை விட்டிருந்தது. முளைத்த நெல் காத்திருக்காது. ஒண்ணு ரெண்டு நாளில் சேற்றில் விழவேண்டும், இல்லாவிட்டால் வீண்.

சாக்கைத் தூக்கிக்கொண்டு போனவர் அப்படியே திரும்பி வந்தார். அங்கே நாலு பேர் அஸ்திவாரத்துக்குப் பள்ளம் வெட்டிக்கொண்டிருந்தார்களாம். மனைக்காரர் பேங்கில் வேலை பார்ப்பவர், தங்கமான மனுஷன். பூஜை போட்ட சர்க்கரைப் பொங்கலைக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார்.

"கோழிக்குப் போட்டுடு" என்றாள் அம்மா.

நைனா சாக்கின்மேல் தண்ணீர் தெளித்தார்.

"விட்டுத் தொலை நைனா, மானம் போவுது" என்றேன் நான். அப்படிச் சொன்ன வாயை இன்றைக்கு நினைத்தாலும் அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. தெருவெல்லாம் சேறு, ஜல்லி லாரி வரமுடியாமல் வேலை நின்றது. மறுநாள் காலையில் நைனாவையும் காணோம், சாக்கையும் காணோம். குடையை எடுத்துக்கொண்டு கோபமாக ஓடினேன். பள்ளத்துக்குள் நின்றுகொண்டிருந்தார். தேங்கின தண்ணீர் வடிய, தாழ்வான மூலையிலிருந்து பழைய ஏரிக் கால்வாய் வரைக்கும் ஒரு ஓடை வெட்டிவிட்டிருந்தார். கை வீசி வீசி விதைத்துக்கொண்டே போனார்.

"அய்யோ, வூடு கட்டற பள்ளம் நைனா அது!"

"தெரியாதா எனக்கு? மழை விடற வரிக்கும் இருந்துட்டுப் போவுதும்மா."

மழை விட்டு விட்டு மூணு வாரம் பெய்தது. நெல் முளைத்து, ஹால், சமையல்கட்டு, படுக்கை அறை என்று ஒரு வீட்டின் வரைபடமே பச்சையாக எழுந்து நின்றது. பஸ்ஸுக்குப் போகும்போது பார்க்காத மாதிரி பார்ப்பேன். பொய் சொல்லக்கூடாது, கொள்ளை அழகு. காற்றடித்தால் சுவர் இருக்கவேண்டிய இடமெல்லாம் அசையும். அந்தப் பச்சையை இன்னும் ஒரே ஒரு தடவை பார்க்கமாட்டோமா என்று மனசு கிடந்து ஏங்குகிறது.

கார்த்திகையில் வெயில் வந்தது, மேஸ்திரியோடு மனைக்காரரும் வந்தார். சண்டை வரப்போகிறது என்று நைனாவோடு நானும் போனேன். அவர் பள்ளத்தைப் பார்த்து முதலில் சிரித்துவிட்டார். அப்புறம் நைனா முகத்தைப் பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது. "நாளைக்கு கான்கிரீட் போடணும் பெரியவரே" என்றார் மெதுவாக.

நைனா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். சித்தாள் மண்வெட்டியைக் கொண்டுவந்தபோது வேண்டாம் என்று கைகாட்டினார். நாற்றை ஒரு வேர் அறாமல் பிடிபிடியாகப் பறித்தார். சேற்றை அலசி, கட்டுக் கட்டாகக் கட்டி, அன்றைக்கு வந்து இறங்கியிருந்த ஜல்லி மேட்டின்மேல் வரிசையாக வைத்தார். நடுவதற்கு வைக்கிற மாதிரியேதான் வைத்தார்.

"இதை என்ன பண்ணப்போறீங்க?" என்று கேட்டார் மனைக்காரர்.

"நடணும் சார்."

"எங்க?"

அவர் கிண்டலுக்குக் கேட்கவில்லை. நைனா நிமிர்ந்து நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தார். நானும் அவர்கூடத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.